லினக்ஸில் ஸ்டேட்டிக் லைப்ரரியும் டைனமிக் லைப்ரரியும்: கட்டுவது, இணைப்பது, பிழையைப் பிடிப்பது

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் என் சித்தப்பா கமிஷன் கடை வைத்திருக்கிறார். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து விவசாயிகள் கொண்டுவரும் மல்லிகையை எடை போட்டு, விற்று, கமிஷன் கழித்துப் பணம் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்குக்காக சி மொழியில் ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். வீட்டில் என் லேப்டாப்பில் நன்றாக ஓடியது. பென் டிரைவில் எடுத்துக்கொண்டு விடியற்காலையில் கடைக்குப் போய் அங்கிருந்த பழைய கணினியில் ஓட்டினால், ‘வெர்ஷன் ஜிலிப்சி_2.34 நாட் ஃபவுண்ட்’ என்று ஒரு வரி வந்து நின்றுவிட்டது. அன்று முகூர்த்த நாள். வாசலில் பூ மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. சித்தப்பா ஒன்றும் சொல்லாமல் பழைய நோட்டை எடுத்துக் கையால் எழுத ஆரம்பித்தார்.

என் கணக்கில் பிழை இல்லை. புரோகிராம் எந்த லைப்ரரியை, அதாவது பொதுவான ஃபங்ஷன்களின் எந்தத் தொகுப்பை, நம்பியிருந்ததோ, அதன் பழைய பதிப்பு கடைக் கணினியில் இருந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லூரிப் பிள்ளைகள் சிலருக்கு சி சொல்லிக்கொடுக்கிறேன். சுட்டி, அணி எல்லாம் தாண்டி வந்துவிடுகிறார்கள். லைப்ரரியை இணைக்கும் இடத்தில்தான் நின்றுபோகிறார்கள். அவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இது: பிழைச் செய்தி வந்தால், பேசுவது லிங்கரா லோடரா என்று முதலில் பாருங்கள். லிங்கர் என்பது புரோகிராமைக் கட்டும்போது (பில்ட் செய்யும்போது) வேலை செய்வது. லோடர் என்பது நீங்கள் எண்டர் தட்டி ஓட்டும்போது வேலை செய்வது. ஒருவருக்குச் சொன்ன வழி மற்றவருக்குத் தெரியாது. பாதிக் குழப்பம் இதில்தான் இருக்கிறது.

சித்திரைத் திருவிழாவுக்கு அழகர்கோவில் போகிறவர்கள் சிலர் புளியோதரை கட்டிக்கொண்டு போவார்கள். சிலர் வழியில் கடை இருக்கும், பார்த்துக்கொள்ளலாம் என்று வெறுங்கையோடு கிளம்புவார்கள். ஸ்டேட்டிக் லைப்ரரி கட்டுச்சோறு: தேவையான குறிமுறை (கோட்) முழுவதும் உங்கள் புரோகிராமுக்குள்ளேயே நகலாகிவிடும். டைனமிக் லைப்ரரியில் ‘இந்தப் பெயருள்ள கடையில் சாப்பிடுவேன்’ என்ற குறிப்பு மட்டும் புரோகிராமில் இருக்கும்; ஓடும் நேரத்தில் கடை திறந்திருக்க வேண்டும்.

கட்டளைகளை, பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் வாய்விட்டுச் சொல்வதுபோல் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். பேரெழுத்து வரும் இடங்களை அங்கங்கே சொல்லிவிடுகிறேன். உபுண்டுவிலோ டெபியனிலோ ‘பில்ட்-எசென்ஷியல்’ என்ற தொகுப்பை நிறுவியிருந்தால் வேறு எதுவும் வேண்டாம்.

முதலில் கோப்புகள்

நான்கு கோப்புகள் வைத்துக்கொள்வோம். விலை.சி கோப்பில் ‘விலை’ என்ற ஃபங்ஷன்: கிராமையும் கிலோ விலையையும் வாங்கி, பெருக்கி, 1000-ஆல் வகுத்துத் திருப்பித் தரும். கமிஷன்.சி கோப்பில் ‘கமிஷன்’ என்ற ஃபங்ஷன்: தொகையையும் சதவீதத்தையும் வாங்கிக் கழிவைத் தரும். இரண்டின் அறிவிப்பு வரிகளும் பூ.ஹெச் என்ற ஹெடரில். கடை.சி கோப்பில் மெயின் ஃபங்ஷன், அது பூ.ஹெச்சைச் சேர்த்துக்கொண்டு இரண்டையும் அழைக்கிறது. 750 கிராம், கிலோ 1200 ரூபாய் என்று கொடுத்தால் விலை 900 வர வேண்டும். 10 சதவீதம் கழித்தால் கமிஷன் 90. ஒவ்வொரு முறை கட்டிய பிறகும் இந்த இரண்டு எண்களும் சரியாக வருகின்றனவா என்று பாருங்கள்.

விலையையும் கமிஷனையும் தனித்தனிக் கோப்பில் போட்டதற்குக் காரணம் உண்டு, பின்னால் வரும்.

ஆப்ஜெக்ட் கோப்பு

ஜிசிசி -சி விலை.சி கமிஷன்.சி

ஜிசிசி என்பது சி கம்பைலர். ‘-சி’ என்றால் மொழிபெயர்ப்போடு நில், இணைக்காதே என்று பொருள். விலை.ஓ, கமிஷன்.ஓ என்று இரண்டு ஆப்ஜெக்ட் கோப்புகள் கிடைக்கும். இதேபோல் கடை.சியையும் கடை.ஓ ஆக்கிவிட்டு, ஒரு நிமிடம் நின்று இதை ஓட்டிப் பாருங்கள்:

என்எம் கடை.ஓ

பெயர்ப் பட்டியல் வரும். மெயினுக்குப் பக்கத்தில் ‘டி’ (டெக்ஸ்ட் என்பதன் முதல் எழுத்து) என்ற பேரெழுத்து. அதன் குறிமுறை இந்தக் கோப்பிலேயே இருக்கிறது என்று அர்த்தம். விலை, கமிஷன், பிரிண்ட்எஃப் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் ‘யூ’. பெயர் தெரியும், ஆள் யாரென்று தெரியாது என்று அர்த்தம். விலை.ஓவில் இதே கட்டளையை ஓட்டினால் விலைக்குப் பக்கத்தில் ‘டி’ இருக்கும். ‘யூ’ ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘டி’யைத் தேடிப் பொருத்துவதுதான் லிங்கரின் வேலை. இது மனதில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் எளிது. என்னிடம் வரும் பிள்ளைகளை இந்தப் பட்டியலைத் தாளில் எழுதச் சொல்கிறேன்.

ஸ்டேட்டிக் லைப்ரரி

ஏஆர் ஆர்சிஎஸ் லிப்பூ.ஏ விலை.ஓ கமிஷன்.ஓ

அவ்வளவுதான். ‘ஆர்’ கோப்புகளை உள்ளே வைக்கும், ஏற்கெனவே இருந்தால் மாற்றும். ‘சி’ புதிதாக உருவாக்கும்போது எச்சரிக்காமல் இருக்கும். ‘எஸ்’ எந்தப் பெயர் எந்தக் கோப்பில் என்ற அட்டவணையை எழுதும். ஸ்டேட்டிக் லைப்ரரி என்பது ஆப்ஜெக்ட் கோப்புகளை அடுக்கிக் கட்டிய ஒரு மூட்டை, வேறொன்றும் இல்லை. ‘ஏஆர் டி லிப்பூ.ஏ’ (இந்த ‘டி’ டேபிள் என்பதன் முதல் எழுத்து) என்று கேட்டால் உள்ளே இருப்பதைச் சொல்லும். பெயர் ‘லிப்’ என்று தொடங்கி ‘.ஏ’ என்று முடிய வேண்டும். அப்போதுதான் ‘-எல்பூ’ என்ற சுருக்கத்தை லிங்கர் லிப்பூ.ஏ என்று புரிந்துகொள்ளும்.

ஜிசிசி கடை.ஓ -எல் . -எல்பூ -ஓ கடை

இதில் முதலில் வரும் ‘-எல்’ பேரெழுத்து. அதற்குப் பின்னால் இருக்கும் புள்ளி ‘இந்த அடைவிலும் தேடு’ என்கிறது. இரண்டாவது சிற்றெழுத்து, அது லைப்ரரியின் பெயர். ‘கெனாட் ஃபைண்ட் -எல்பூ’ என்று வந்தால், பேரெழுத்து எல்லில் கொடுத்த அடைவு தப்பு, அல்லது கோப்பின் பெயர் தப்பு. அங்கே பேசுவது லிங்கர்.

இப்போது வேண்டுமென்றே ‘-எல்பூ’வைக் கடை.ஓவுக்கு முன்னால் எழுதிப் பாருங்கள். ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு விலை’ என்று வரும். கோப்பு இருக்கிறது, பாதை சரி, பெயர் சரி, ஆனாலும் பிழை. என்னிடம் வரும் கேள்விகளில் அதிகம் இதுதான். லிங்கர் இடமிருந்து வலமாகப் போகிறது. லிப்பூவைப் பார்க்கும் நேரத்தில் கையில் ‘யூ’ பட்டியலில் விலை இல்லை, கடை.ஓவை அது இன்னும் திறக்கவேயில்லை. தேவை இல்லாத மூட்டையிலிருந்து எதையும் எடுக்காமல் நகர்ந்துவிடுகிறது. அப்புறம் கடை.ஓ வந்து விலையைக் கேட்கும்போது திரும்பிப் போய்ப் பார்ப்பதில்லை. அதனால் கேட்பவர் முன்னால், கொடுப்பவர் பின்னால். ஒரு லைப்ரரி இன்னொன்றைக் கேட்டாலும் இதே வரிசைதான். இரண்டும் ஒன்றையொன்று கேட்கும் நிலை வந்தால் ‘-டபிள்யூஎல்,--ஸ்டார்ட்-க்ரூப்’, ‘-டபிள்யூஎல்,--எண்ட்-க்ரூப்’ என்ற இரண்டுக்கும் நடுவில் வைக்கலாம் (‘-டபிள்யூஎல்’ என்னவென்று பின்னால் வரும்). ஆனால் அப்படி ஒரு வட்டம் வந்தால் கோப்புகளை வேறு மாதிரி பிரிப்பதே நல்லது என்பேன்.

மூட்டையிலிருந்து லிங்கர் எடுப்பது தனி ஃபங்ஷனை இல்லை, முழு ஆப்ஜெக்ட் கோப்பை. விலை மட்டும் தேவைப்படும் புரோகிராமுக்குள் கமிஷன்.ஓ வராது. இரண்டையும் ஒரே கோப்பில் எழுதியிருந்தால் இரண்டும் சேர்ந்து வந்திருக்கும். தனித்தனிக் கோப்பில் போட்டதற்கு இதுதான் காரணம்.

கடை இப்போது ஓடும். லிப்பூ.ஏவை அழித்துவிட்டு ஓட்டுங்கள், அப்போதும் ஓடும். சோறு ஏற்கெனவே கட்டியாகிவிட்டது.

டைனமிக் லைப்ரரி

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம். ஆப்ஜெக்ட் கோப்புகளை மறுபடி உருவாக்க வேண்டும்:

ஜிசிசி -எஃப்பிஐசி -சி விலை.சி கமிஷன்.சி

‘எஃப்’ சிற்றெழுத்து, ‘பிஐசி’ பேரெழுத்து. நினைவகத்தில் எந்த முகவரியில் கொண்டுபோய் வைத்தாலும் ஓடக்கூடிய குறிமுறை என்று அர்த்தம். டைனமிக் லைப்ரரியை ஒவ்வொரு புரோகிராமும் தன் முகவரிப் பரப்பில் வேறு வேறு இடத்தில் வைத்துக்கொள்ளும். குறிமுறைக்குள் நிலையான முகவரி எழுதியிருந்தால், லோடர் ஒவ்வொன்றையும் திருத்த வேண்டிவரும். திருத்திய பக்கங்களை மற்ற புரோகிராம்களோடு பகிரவும் முடியாது. முகவரிகள் தனியாக ஓர் அட்டவணையில் இருந்தால் அந்த அட்டவணை மட்டும் ஒவ்வொருவருக்கும் தனி. குறிமுறை எல்லோருக்கும் ஒன்றே. பத்து புரோகிராம்கள் ஒரே லைப்ரரியைப் பயன்படுத்தினாலும் அதன் குறிமுறை நினைவகத்தில் ஒரே ஒரு முறை இருப்பது இதனால்தான். ‘ரீகம்பைல் வித் -எஃப்பிஐசி’ என்று லிங்கர் எப்போதாவது சொன்னால், இந்தக் கொடியை மறந்துவிட்டீர்கள்.

ஜிசிசி -ஷேர்ட் -டபிள்யூஎல்,-சோநேம்,லிப்பூ.எஸ்ஓ.1 -ஓ லிப்பூ.எஸ்ஓ.1.0.0 விலை.ஓ கமிஷன்.ஓ

‘டபிள்யூ’ பேரெழுத்து, ‘எல்’ சிற்றெழுத்து. காற்புள்ளிக்குப் பின்னால் வருவதை லிங்கரிடம் அப்படியே கொடு என்பது அதன் பொருள். காற்புள்ளிகளுக்கு நடுவில் இடைவெளி விடக்கூடாது. அடுத்து இரண்டு இணைப்புகள்:

எல்என் -எஸ் லிப்பூ.எஸ்ஓ.1.0.0 லிப்பூ.எஸ்ஓ.1
எல்என் -எஸ் லிப்பூ.எஸ்ஓ.1 லிப்பூ.எஸ்ஓ

ஒரே லைப்ரரிக்கு எதற்கு மூன்று பெயர்? ஒவ்வொரு பெயரையும் கூப்பிடுபவர் வேறு. லிப்பூ.எஸ்ஓ என்ற பெயரை லிங்கர் தேடுகிறது, ‘-எல்பூ’ என்று நீங்கள் எழுதியதற்காக. கோப்பைத் திறந்தவுடன் அதற்குள் எழுதியிருக்கும் சோநேமை, அதாவது லிப்பூ.எஸ்ஓ.1 என்பதை, எடுத்து உங்கள் புரோகிராமில் எழுதிவைக்கிறது. ஓடும்போது லோடர் தேடுவது அந்தப் பெயரைத்தான். 1.0.0 என்ற முழுப் பெயர் உண்மையான கோப்பு. நாளை ஒரு பிழை திருத்தி 1.0.1 கொண்டுவந்தால் இணைப்பை மட்டும் மாற்றினால் போதும், புரோகிராமைத் தொட வேண்டாம். உபுண்டுவில் பெயரின் முடிவில் ‘-டெவ்’ உள்ள தொகுப்புகளைத் தனியாக நிறுவச் சொல்வதும் இதனால்தான். ஹெடர்களும் எண் இல்லாத அந்த ‘.எஸ்ஓ’ இணைப்பும் அவற்றில் இருக்கின்றன. ஓட்டுகிறவருக்கு அவை வேண்டாம், கட்டுகிறவருக்குத்தான் வேண்டும்.

இணைக்கும் கட்டளை ஸ்டேட்டிக்குக்குச் சொன்ன அதே வரிதான். அடைவில் ‘.எஸ்ஓ’வும் ‘.ஏ’வும் சேர்ந்து இருந்தால் லிங்கர் ‘.எஸ்ஓ’வையே எடுக்கும். ‘.ஏ’ தான் வேண்டும் என்றால் ‘-எல்:லிப்பூ.ஏ’ என்று முழுப் பெயரையும் முக்காற்புள்ளியோடு சொல்லலாம். வரிசை விதியையும் விட்டுவிடாதீர்கள்: உபுண்டுவில் ஜிசிசி, தேவைப்படாத டைனமிக் லைப்ரரியைப் பதிவு செய்யாமல் விடும்படி அமைந்திருக்கிறது. அதனால் ‘-எல்பூ’ முன்னால் வந்தால் இங்கேயும் அதே ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ வரும்.

இப்போது லோடரின் முறை

./கடை என்று ஓட்டுங்கள். ‘எரர் வைல் லோடிங் ஷேர்ட் லைப்ரரீஸ்: லிப்பூ.எஸ்ஓ.1: கெனாட் ஓப்பன் ஷேர்ட் ஆப்ஜெக்ட் ஃபைல்’ என்று வரும். பக்கத்திலேயே கோப்பு இருக்கிறதே என்று தோன்றும். பேரெழுத்து எல்லில் நீங்கள் சொன்ன அடைவு லிங்கருக்குச் சொன்னது. லோடருக்கு அது தெரியாது. தற்போதைய அடைவில் லோடர் தானாகத் தேடுவதும் இல்லை.

‘எல்டிடி ./கடை’ என்று கேளுங்கள். எந்த லைப்ரரி எங்கே கிடைத்தது என்று வரிவரியாகச் சொல்லும். லிப்பூவுக்கு நேராக ‘நாட் ஃபவுண்ட்’ என்றிருக்கும். யாரோ கொடுத்த, நம்பிக்கை இல்லாத புரோகிராமில் எல்டிடியை ஓட்டாதீர்கள். சில நிலைகளில் அந்தப் புரோகிராமே ஓடிவிடக்கூடும். அதற்கு ‘ரீட்எல்ஃப் -டி’ (இந்த ‘டி’ டைனமிக் என்பதன் முதல் எழுத்து) போதும். அதில் ‘நீடட்’ என்று வரும் வரிகள்தான் தேவைப்பட்டியல்.

லோடருக்கு வழி சொல்ல மூன்று முறைகள் உண்டு.

சோதிக்கும்போது சூழல் மாறி: எல்டி_லைப்ரரி_பாத், எல்லாம் பேரெழுத்தில், சமக்குறி, புள்ளி, ஓர் இடைவெளி, அப்புறம் ./கடை. அந்த ஒரு ஓட்டத்துக்கு மட்டும் செல்லும். இதை, டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படும் பாஷ்ஆர்சி கோப்பில் நிரந்தரமாக எழுதிவைக்கும் பழக்கம் வேண்டாம். சம்பந்தமில்லாத மற்ற புரோகிராம்களும் அந்த அடைவில் முதலில் தேடும். தவறான பதிப்பை எடுத்துக்கொண்டால், காரணம் கண்டுபிடிக்கப் பல மணி நேரம் ஆகும்.

கணினி முழுவதற்கும் என்றால், சூடோவுடன் கோப்பை /யுஎஸ்ஆர்/லோக்கல்/லிப் அடைவில் வைத்து ‘சூடோ எல்டிகான்ஃபிக்’ ஓட்டுங்கள். லோடர் ஒவ்வொரு முறையும் வட்டு முழுவதும் அலைவதில்லை, /இடிசி/எல்டி.எஸ்ஓ.கேஷ் என்ற தயார் பட்டியலைப் பார்க்கிறது. அந்தப் பட்டியலைப் புதுப்பிப்பது எல்டிகான்ஃபிக். கோப்பை நகலெடுத்துவிட்டு இதை ஓட்ட மறப்பவர்கள் நிறைய.

மூன்றாவது முறைதான் சித்தப்பா கடைக்கு நான் எடுத்தது. புரோகிராமுக்குள்ளேயே வழியை எழுதிவிடுவது:

ஜிசிசி கடை.ஓ -எல் . -எல்பூ -டபிள்யூஎல்,-ஆர்பாத்,'$ஆரிஜின்/லிப்' -ஓ கடை

‘ஆரிஜின்’ பேரெழுத்தில். புரோகிராம் எந்த அடைவில் இருக்கிறதோ அந்த அடைவு என்று லோடர் அதைப் புரிந்துகொள்ளும். அதற்குள் ‘லிப்’ என்று ஓர் அடைவு போட்டு லிப்பூ.எஸ்ஓ.1-ஐ வைத்துவிட்டால், மொத்த அடைவையும் பென் டிரைவில் எங்கே எடுத்துப் போனாலும் லோடர் லிப்பூவைக் கண்டுபிடித்துவிடும். ஒற்றை மேற்கோள் குறி முக்கியம். இல்லாவிட்டால் டாலர் குறியை ஷெல் தன்னுடைய மாறி என்று நினைத்து வெற்றிடமாக்கிவிடும்.

எந்த வழியிலும் புரியவில்லை என்றால் எல்டி_டீபக் என்ற சூழல் மாறிக்கு ‘லிப்ஸ்’ என்று மதிப்புக் கொடுத்து ஓட்டுங்கள். லோடர் எங்கெங்கே போய்த் தேடியது என்று ஒவ்வொரு படியாகச் சொல்லும்.

ஜிலிப்சி பிரச்சினை

அந்த விடியற்காலைக்கு வருகிறேன். என் லேப்டாப்பில் உபுண்டு 22.04, அதில் சி லைப்ரரியான ஜிலிப்சியின் பதிப்பு 2.35. கடையில் உபுண்டு 20.04, அங்கே 2.31. ஜிலிப்சி தன் ஃபங்ஷன்களுக்குப் பதிப்பு எண் ஒட்டி வைக்கிறது. 2021-இல் வந்த 2.34-இல், மெயினைத் தொடங்கிவைக்கும் ஃபங்ஷனே புதுப் பதிப்பு எண் பெற்றது. அதனால் என் லேப்டாப்பில் கட்டிய எந்தப் புரோகிராமும், ஒரே வரி அச்சிடுவதாக இருந்தாலும்கூட, 2.34-ஐக் கேட்கும். பழையதில் கட்டினால் புதியதில் ஓடும். புதியதில் கட்டியது பழையதில் ஓடும் என்ற உறுதி இல்லை. கடைக் கணினியிலேயே ஜிசிசி நிறுவி அங்கேயே கட்டியதும் சரியாகிவிட்டது. அது முடியாத இடத்தில் உபுண்டு 20.04 கண்டெய்னருக்குள், அதாவது உங்கள் கணினிக்குள்ளேயே தனியாக ஓடும் ஒரு பழைய உபுண்டு சூழலுக்குள், கட்டலாம்.

‘-ஸ்டேட்டிக்’ என்று கொடுத்து ஜிலிப்சியையும் உள்ளே கட்டிவிடலாமே என்று கேட்பீர்கள். ஓடும். டைனமிக்காக ஏறத்தாழ 16 கேபி இருக்கும் ஒரு சின்ன புரோகிராம், 800 கேபிக்கு மேல் போகும். இன்றைக்கு அது ஒரு பொருட்டில்லை. சிக்கல் வேறு இடத்தில். இணையப் பெயரை முகவரியாக மாற்றும் கெட்அட்ரின்ஃபோ போன்ற ஃபங்ஷன்கள், ஸ்டேட்டிக்காகக் கட்டினாலும் ஓடும் நேரத்தில் ஜிலிப்சியின் டைனமிக் கோப்புகளைத் தேடும், அதுவும் கட்டிய அதே பதிப்பை. லிங்கர் அப்போது ஓர் எச்சரிக்கை தரும். அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். நெட்வொர்க் இல்லாத கணக்குப் புரோகிராமுக்கு ‘-ஸ்டேட்டிக்’ நல்ல வழி. நெட்வொர்க் உண்டு, முழுக்க ஸ்டேட்டிக்காகவும் வேண்டும் என்றால் மசில் என்ற வேறு சி லைப்ரரியோடு கட்டுவது மேல். ஆல்பைன் லினக்ஸ் அதைத்தான் பயன்படுத்துகிறது.

எதை எப்போது

நான் பார்க்கும் முதல் கேள்வி, திருத்தம் வந்தால் யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பது. 2014 ஏப்ரலில், இணையத் தொடர்பைக் குறியாக்கம் செய்யும் ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியே வந்தது. டைனமிக்காக இணைத்திருந்த சர்வர்களில் லைப்ரரித் தொகுப்பை மேம்படுத்தி, அதைப் பயன்படுத்தும் சேவைகளை மறுபடி தொடங்கினால் போதும். மறுபடி தொடங்காவிட்டால் பழைய நகலே நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும், இதை மறந்துவிடாதீர்கள். ஸ்டேட்டிக்காகக் கட்டிய புரோகிராம் ஒவ்வொன்றையும் புதிதாகக் கட்டித்தான் அனுப்ப வேண்டும். அதனால் பாதுகாப்பு, குறியாக்கம், படக் கோப்புகளைத் திறப்பது போன்றவற்றுக்கு டிஸ்ட்ரோ (உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வெளியீடு) தரும் டைனமிக் லைப்ரரிதான் என் தேர்வு. நானே எழுதிய, ஒரே புரோகிராம் மட்டும் பயன்படுத்தும் சின்ன லைப்ரரிக்கு ஸ்டேட்டிக். எல்ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் உள்ள லைப்ரரியை மூடிய புரோகிராமில் ஸ்டேட்டிக்காகச் சேர்த்தால், பயனர் அந்த லைப்ரரியை மாற்றி மறுபடி இணைத்துக்கொள்ள வழி செய்து தர வேண்டும். டைனமிக்கில் அந்தக் கடமையை நிறைவேற்றுவது எளிது.

சித்தப்பா கடையில் பில் போடும் புரோகிராமும் மாதக் கணக்குப் புரோகிராமும் ஒரே விலைக் கணக்கைப் பயன்படுத்துகின்றன. அதனால்தான் அங்கே டைனமிக் எடுத்தேன். ஆனால் அதில் ஓர் ஆபத்தும் உண்டு. மூட்டையோடு எடை போடுவதால் சாக்கின் எடையைக் கழிக்க வேண்டும் என்று சித்தப்பா கேட்டார். ‘விலை’ ஃபங்ஷனுக்கு மூன்றாவதாக ஒரு மதிப்பு சேர்த்தேன். லைப்ரரியை மட்டும் மாற்றிவைத்துப் பழைய புரோகிராமை ஓட்டியிருந்தால், லோடர் ஒரு வார்த்தையும் பேசாது. சி மொழியில் அதற்குத் தெரிவது பெயர் மட்டும். எத்தனை மதிப்புகள் என்று தெரியாது. பழைய புரோகிராம் இரண்டு மதிப்பு அனுப்பும், புதிய ஃபங்ஷன் மூன்றாவது இடத்தில் கிடக்கும் ஏதோ ஓர் எண்ணைச் சாக்கின் எடையாக எடுத்துக்கொள்ளும், விவசாயிக்குத் தப்பான பணம் போகும். ஹெடரில் உள்ள ஸ்ட்ரக்டில் ஓர் உறுப்பைச் சேர்த்தாலும் நீக்கினாலும் இதே கதைதான்.

இப்படிப்பட்ட மாற்றத்துக்குத்தான் சோநேமில் எண் இருக்கிறது. சோநேமை லிப்பூ.எஸ்ஓ.2 ஆக்கி, கோப்பை 2.0.0 என்று கட்டினேன். பில் புரோகிராமைப் புதிய ஹெடரோடு கட்டியதும் அது 2-ஐக் கேட்க ஆரம்பித்தது. மாதக் கணக்குப் புரோகிராமை மாற்ற அந்த வாரம் நேரமில்லை. அது 1-ஐயே கேட்டுக்கொண்டிருந்தது. ‘லிப்’ அடைவில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதக் கணக்கையும் புதிதாகக் கட்டி, இரண்டு புரோகிராம்களிலும் ‘ரீட்எல்ஃப் -டி’ ஓட்டி, ‘நீடட்’ வரியில் 2 என்று இருப்பதைப் பார்த்த பிறகுதான் 1-ஐ அழித்தேன்.